எதிர்வீட்டில் தொடங்கிய வெளிநாட்டுப் பயணம்

பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பித்தளைப் பூட்டு. ஓர் உள்ளங்கை அகலம். இழுத்துப் பார்த்தேன், குலுக்கிப் பார்த்தேன், கொஞ்சிக்கூடப் பார்த்தேன். அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

ஆடி வெள்ளிக்கிழமை, முற்பகல். மழை வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் தில்லியை வேகவைத்துக்கொண்டிருந்த காலம். ஈரத்துண்டை முகத்தில் போட்டு அமுக்கியது போலிருந்தது காற்று. அந்தக் காற்றில், நான் முழங்கால்வரை தொங்கும் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு நின்றேன். பெட்டியில் வைத்தால் எடை கூடுகிறது, உடம்பில் மாட்டிக்கொண்டால் யாரும் எடை போடமாட்டார்கள் என்பது என் திட்டம். சரோஜினி நகர் சந்தையில் கோடைகாலத்தில் வாங்கிய கோட்டு அது. கடைக்காரன் என்னைப் பார்த்த பார்வையை அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

கதவுக்குப் பின்னால் போன் அடித்தது. அடித்தவன் நான்தான். எதிர்வீட்டு விஜயா மாமியின் போன், மாமியின் வீட்டுக்குள் இருந்துகொண்டு ஒரு பக்திப் பாட்டைக் கடைசிவரை பாடியது, மூச்சு வாங்கியது, மறுபடி முதலிலிருந்து பிடித்தது. மாமிதான் வீட்டில் இல்லை.

கீழே டாக்ஸி. டாக்ஸிக்குள் எங்கள் பெட்டிகள். பெட்டிகளுக்குப் பக்கத்தில் என் மனைவி சித்ரா. பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு மஞ்சள் பைக்குள், எங்கள் இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டுகள்.

விமான நிலையத்துக்குக் கிளம்புகிறவனின் பாஸ்போர்ட் எதிர்வீட்டில் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். ஆபீஸில் எல்லாரும் கேட்டார்கள். அவர்களுக்கு விளக்கப் போய், பாதியில் என் இந்தி தீர்ந்துவிட்டது. உங்களுக்கு விளக்கலாம். கொஞ்சம் பின்னால் போய்விட்டு வர வேண்டும். பூட்டு அங்கேயேதான் இருக்கும், அவசரமில்லை.

லீவு என்றால் ஊர்

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். மத்திய அரசில் ஒரு மேசைக்கு வந்த ஃபைலை அடுத்த மேசைக்கு நகர்த்துகிற வேலைக்காகத் தில்லி வந்து, ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் மாடியில் குடியேறி, தலைமுடி கொட்டியவன். சித்ரா இதே தில்லியில், ஜனக்புரியில் பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால் இந்தி, ரொம்பக் கோபம் வந்தால் மௌனம்.

எங்களைப் போன்றவர்களுக்கு லீவு என்றால் ஊர்தான். அரசாங்கமே அதற்கென்று சலுகை வைத்திருக்கிறது. இரண்டு ராத்திரி ரயில், இருக்கைக்கு அடியில் பெட்டிகளைச் சங்கிலி போட்டுப் பூட்டி, அந்தச் சங்கிலியைக் காலால் தொட்டுக்கொண்டே தூங்கி, போய் இறங்கினால் அங்கே காத்திருப்பது ஓய்வு அல்ல, சுற்றுப்பயணம். சித்தப்பா வீட்டில் காலைப் பலகாரம் சாப்பிட்டால் மாமா வீட்டில் மத்தியானம் சாப்பிட வேண்டும். ஒரு வீட்டை விட்டுவிட்டால் அடுத்த கல்யாணம்வரை பேச்சுவார்த்தை கிடையாது. எந்த வீட்டுக்குப் போனாலும் சித்ரா ஐந்து நிமிடத்தில் அந்த வீட்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். போகச் சொல்லி யாரும் சொல்வதில்லை. போகாவிட்டால் மட்டும் சொல்வார்கள்.

ஊருக்குப் போகாத வருஷம் ஊர் எங்களிடம் வரும். தில்லித் தமிழன் வீட்டுக்கு வருகிற உறவினர்கள் அவனைப் பார்க்க வருவதில்லை, தாஜ்மகாலைப் பார்க்க வருகிறார்கள். அழைத்துக்கொண்டு போவது நம் கடமை. ஆக்ராவில் எந்தக் கடையில் கழிப்பறை சுத்தம் என்பதுவரை எனக்கு அத்துப்படி. ஷாஜகான்கூட அத்தனை தடவை போயிருக்க மாட்டார்.

போன வருஷம் ஒருநாள் டிவியில் தாஜ்மகால் வந்தபோது சித்ரா, "உள்ள போனா குளிர்ச்சியா இருக்குமா?" என்று கேட்டாள்.

"நீ பார்த்ததில்லையா?" என்றேன் அசடு மாதிரி.

"நீங்க எல்லாரும் திரும்பி வர்றதுக்குள்ள சப்பாத்தி போட்டு வைக்கணுமே, நான் எப்ப பார்க்கிறது?"

சண்டையாகச் சொல்லவில்லை. விவரமாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் சொன்னாள்: "எனக்கு ஒரே ஒரு தடவை ஏதாவது ஊருக்குப் போகணும். அந்த ஊர்ல நமக்கு யாருமே இருக்கக் கூடாது."

ஒவ்வொரு நாடாக அடித்தோம்

கேட்பதற்கு எளிய கோரிக்கை. முயன்று பாருங்கள், தெரியும்.

சிங்கப்பூர் என்றேன். "எங்க அத்தை பையன்" என்றாள். துபாய் என்றேன், என் பெரியப்பா பேரன். லண்டனில் அவள் பக்கம் ஒரு கிளை, ஆஸ்திரேலியாவில் என் பக்கம் ஒரு தெருவே இருக்கிறது. சுவிட்சர்லாந்து என்று ஆசையாகச் சொல்லிவிட்டு, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஐயையோ, சுந்தரி மக!" என்று கத்தினோம். சுந்தரி மகள் கம்ப்யூட்டர் வேலைக்கு அங்கே போய், குடும்ப வாட்ஸ்அப்பில் தினமும் ஒரு பசுமாட்டின் படம் போடுகிறாள்.

தாய்லாந்தில் யாருமில்லை. ஆனால் தாய்லாந்து என்று ஆபீஸில் லீவு கேட்டால் ஓய்வுபெறும்வரை கண்ணடிப்பார்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் நிவிதான் வழி சொன்னாள். "அப்பா, அல்மாட்டி போங்க. கஜகஸ்தான். விசா வேண்டாம், டெல்லியிலேர்ந்து நேரா ஃப்ளைட். மலை, பனி, ஆப்பிள் தோட்டம்."

சித்ரா போனைப் பிடுங்கினாள். "அங்க நம்மாளுங்க?"

"யாரும் இல்லம்மா."

"பக்கா?"

"பக்காம்மா. நான் கேட்டுப் பார்த்துட்டேன்."

அப்படித்தான் அல்மாட்டி முடிவாயிற்று. உலகத்தில் அந்த ஊரைப் போய்ப் பார்க்க மக்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். எங்களுக்கு இது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு சித்ரா சும்மா இருந்தாள். நான்தான் ஆடினேன். வெளிநாட்டுப் பயணம் பற்றி இணையத்தில் இருக்கிற அத்தனை வீடியோவையும் பார்த்தேன். ஒருவன் பெட்டியைத் தொலைத்தான். ஒருத்தி பஸ்ஸைத் தவறவிட்டாள். அந்த ஊர்க்காரர்கள் குதிரை சாப்பிடுவார்கள் என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்கள் சைவம். அன்றைக்கே புளிக்காய்ச்சல் கிளறச் சொன்னேன். அவல், ரவை, பருப்புப்பொடி, அப்பளம் என்று நான் எடுத்து வைக்க வைக்க, சித்ரா ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தாள். ரயிலில் மாட்டும் சங்கிலியையும் பெட்டிக்குள் போட்டிருந்தேன். அதைக் கையில் தூக்கிப் பிடித்து, "இத விமானத்துல எங்க கட்டப்போறீங்க? இறக்கையிலயா?" என்று கேட்டாள்.

அரசு ஊழியன் நாட்டைவிட்டு வெளியே போக அனுமதி வாங்க வேண்டும். என் அதிகாரி பஞ்சாபிக்காரர், நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றினார். "கஜகஸ்தான்? வஹாங் கௌன் ஹை ஆப்கா?" அங்கே உமக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறார்.

யாருமில்லை என்றேன்.

யாருமில்லாத ஊருக்கு ஒரு மனிதன் எதற்குப் போவான் என்பது அவருக்கு விளங்கவேயில்லை. உளவுத்துறைக்கு எழுதிப் போடலாமா என்று யோசிப்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

அக்கா போட்ட உத்தரவு

எல்லாம் முடிந்து, கிளம்புவதற்கு முந்தின நாள் பாளையங்கோட்டையிலிருந்து என் பெரியக்கா பேசினாள்.

"ஏல சண்முகம், நாளைக்கு எப்பம்ல கெளம்புத?"

"பதினோரு மணிக்கு வீட்ட விட்டு எறங்குவோம்க்கா."

அந்தப் பக்கம் காலண்டர் தாள் படபடப்பது மட்டும் கேட்டது.

"வெள்ளிக்கெழம பதினோரு மணி ராகு காலம்லா?"

"ஃப்ளைட்டு அப்படிக்கா. நான் சொன்னா மாத்துவானா?"

"ஆடி மாசம் வேற."

"ஆடியிலதான் லீவு குடுத்தான்."

"ரயிலு பஸ்ஸுன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டம்ல. இது மேல போறதுல்லா."

மேலே போவது என்று அக்கா எதைச் சொன்னாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஆபீஸில் நான்தான் பகுத்தறிவுவாதி. சக ஊழியர்கள் விரலில் போட்டிருக்கும் ராசிக்கற்களைப் பார்த்து, "இதை விற்றுவிட்டு ஒரு ஃபேன் வாங்கினால் குடும்பம் குளிரும்" என்று சொல்கிறவன். அந்தப் பகுத்தறிவு தரையில் நிற்கும்போது பிரமாதமாக வேலை செய்கிறது. நாளைக்கு முப்பதாயிரம் அடி உயரத்தில் உட்காரப் போகிறோம் என்று நினைத்ததும் அது பாத்ரூமுக்குப் போய்க் கதவைத் தாழ்போட்டுக்கொண்டது.

"இப்ப என்னக்கா செய்ய?" என்றேன்.

"பரஸ்தானம் வையி."

தெரியாதவர்களுக்காக: கிளம்புகிற நேரம் கெட்ட நேரமாக அமைந்துவிட்டால், அதற்கு முன்பே ஒரு நல்ல நேரத்தில் பயணச் சாமான்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் வேறொருவர் வீட்டில் வைத்துவிடுவது. அந்த நிமிஷமே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு போகலாம். ராகு வந்து விசாரித்தால், "அவன் நேற்றே கிளம்பிவிட்டானே" என்பதுதான் பதில். முன்தேதி போட்டுக் கையெழுத்து வாங்கும் கலையை மத்திய அரசு இங்கிருந்துதான் கற்றிருக்க வேண்டும். எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

"ஆனா ஒண்ணு," என்றாள் அக்கா. "சும்மா ஒரு பழைய துண்டக் கொண்டுபோயி வச்சிட்டு வந்திராத. பயணத்துக்கு எது ரொம்ப முக்கியமோ அதத்தான் வைக்கணும். இல்லாட்டிச் செல்லாது."

செல்லாது. ஒரு குமாஸ்தாவிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது.

உட்கார்ந்து யோசித்தேன். செருப்பு? செருப்பில்லாமலும் போகலாம். கோட்டு? அது உடம்பில் ஏறப் போகிறது. டூத் பிரஷ்? ராகு சிரிப்பார். எது இல்லாவிட்டால் இந்தப் பயணமே கிடையாது? கேள்வியை இப்படிக் கேட்டதும் பதில் தானாக வந்தது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மாலையில் நல்ல நேரம் பார்த்து, இரண்டு பாஸ்போர்ட்டையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு, கூட ஒரு மஞ்சள் கிழங்கையும் வைத்து, எதிர்வீட்டு விஜயா மாமியிடம் கொடுத்தேன். மாமி கும்பகோணத்துக்காரர். அவர் கணவரும் என்னைப் போல இன்னொரு அமைச்சகத்தில் ஃபைல் நகர்த்துகிறவர், அந்த வாரம் வெளியூர் போயிருந்தார்.

"பரஸ்தானமா? பேஷா வையுங்கோ. இந்தக் காலத்துல இதெல்லாம் யார் பார்க்கறா!" என்று மாமி பையைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார். உள்ளே என்ன என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சித்ராவிடம், "பரஸ்தானம் வச்சாச்சு" என்றேன்.

"அச்சா, அக்கா சொன்னாங்களா? பண்ணிக்கோங்க," என்றாள் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டே. அவள் நகத்துக்குச் சாயம் பூசி நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆயிற்று.

மறுபடி பூட்டு

ஆகவே, பூட்டு.

மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். மரத்தடியில் துணிக்கு இஸ்திரி போடுகிறவரிடம் மாமி எங்கே என்று கத்தினேன். "ஆன்ட்டி தோ மந்திர் கயீ!" என்று அவரும் கத்தினார். கோயிலுக்கு. ஆடி வெள்ளிக்கிழமை ஒரு தமிழ் மாமி வேறு எங்கே போவார்? இதை நேற்றே யோசித்திருக்க வேண்டியவன் யார்?

கீழே ஓடினேன். டாக்ஸி ஓட்டி வந்த இளைஞன் என் கோட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு ஏசியைக் கூட்டினான்.

"என்ன ஆச்சு?" என்றாள் சித்ரா. "அந்தத் துண்டு கிடைக்கலையா? விடுங்க, போகலாம். ஜல்தி."

"துண்டு இல்ல சித்ரா."

"அப்புறம்?"

"பாஸ்போர்ட்."

"யாரோட பாஸ்போர்ட்?"

பாஸ்போர்ட் என்றால் என் சட்டைப்பையில் இருக்கும் என்று நம்பி, புதுச் சேலை கட்டி, நகத்துக்குச் சாயம் பூசி உட்கார்ந்திருக்கிறவளிடம் என்ன பதில் சொல்வது? கோட்டின் முதல் பொத்தானைக் கழற்றினேன். அது கையோடு வந்துவிட்டது.

அவள் இந்தியில் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. மௌனம் வந்தது. மலை மந்திர் என்கிற முருகன் கோயிலுக்கு விடச் சொன்னேன். வண்டி திரும்பியது. இரண்டு சிக்னல் தாண்டினோம். மூன்றாவதில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"வர இஷ்டமில்லைன்னா நேராச் சொல்லியிருக்கலாமே."

"என்ன சித்ரா, ராகு காலம்னு அக்கா..."

"அக்கா ஒரு சாமானை வைக்கச் சொன்னாங்க. பாஸ்போர்ட்டை வைக்கச் சொன்னாங்களா?"

பயந்தது விமானத்துக்கா, குதிரைக்கறிக்கா என்று இரண்டு மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஒரு சிக்னலில் கண்டுபிடித்துவிட்டாள் போலிருந்தது. யாருமில்லாத ஊர் என்றால், அங்கே நாங்கள் இரண்டு பேர் மட்டும். விசாரிக்க யாருடைய உடல்நிலையும் இல்லை, போய்ப் பார்க்க யாருடைய குழந்தையும் இல்லை, அவள் நுழைய அடுக்களை இல்லை, நான் ஒளிய நாளிதழ் இல்லை. காலையில் எழுந்து என்ன பேசுவோம்?

"அங்கிள்ஜி, மந்திர்," என்றான் டிரைவர்.

எல்லா முதுகும் மாமி முதுகு

கோயில் குன்றின்மேல் இருக்கிறது. படி ஏறுவதற்கு முன்னால் காவலாளி என் காலைக் காட்டினார். ஷூவின் கயிறு முடிச்சு விழுந்துவிட்டது. குனிந்தால் கோட்டு மறைத்தது. கடைசியில் ஷூவை உதைத்துக் கழற்றிவிட்டு ஓடினேன். சுடுகிற கல்லில் சாக்ஸோடு ஏறுகிற கோட்டுக்காரனைப் பார்த்துக் கூட்டம் வழிவிட்டது. விரதமோ, வேண்டுதலோ என்று நினைத்திருப்பார்கள்.

மேலே மல்லிகையும் கற்பூரமும் வியர்வையும் ஒன்றாக மணத்தன. திரை போட்டிருந்தது. திரைக்கு முன்னால் தில்லியில் இருக்கிற அத்தனை தமிழ்ப் பெண்மணிகளும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அரக்குப் புடவை, கொண்டை, கொண்டையில் பூ. முதல் முதுகைத் தொட்டு "மாமி" என்றேன். திரும்பிய அம்மாள் வேறு யாரோ. இரண்டாவது முதுகும் வேறு யாரோ. மூன்றாவது முதுகைத் தொடுவதற்குள் அந்த முதுகின் கணவர் எழுந்து நின்றுவிட்டார்.

"சண்முகமா? நான் ஆத்துக்கு வரதுக்குள்ளயே கெளம்பிட்டேளா?" என்று தூணோரத்திலிருந்து குரல் வந்தது. விஜயா மாமி.

"மாமி, சாவி. பை. ஃப்ளைட்டு."

"ஏன் இப்படிக் குளிர்காலத்து வேஷத்துல நிக்கறேள்?"

"மாமி, அந்தப் பையிலதான் பாஸ்போர்ட் இருக்கு!"

மாமி வாயில் கைவைத்தார். "ராமா! அதையா கொண்டு வெச்சேள்? நான் என்னமோ துண்டுன்னு நெனச்சேன்."

"சாவியக் குடுங்க மாமி, எடுத்துட்டுப் போயிடறேன்."

"வெள்ளிக்கிழமை வீட்டுச் சாவியக் கைமாத்திக் குடுக்கப்படாது. லக்ஷ்மி போயிடுவா. நானே வரேன். இருங்கோ, தீபாராதனை ஆயிடட்டும்."

"மாமி, நேரமில்ல!"

"உங்க ஏரோப்ளேனை மேல தூக்கறதும் அவர்தானே? கன்னத்துல போட்டுக்கோங்கோ."

போட்டுக்கொண்டேன். ராகுவிடமிருந்து தப்பிக்க அக்காவின் சாஸ்திரம், அந்தச் சாஸ்திரத்தில் மாட்டியதும் மாமியின் சாஸ்திரம். ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறிக்கொண்டிருந்தேன். திரை விலகிற்று. மணி அடித்தது. எல்லாரும் கண்ணை மூடி உலக நன்மைக்கு வேண்டிக்கொண்டார்கள். நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு மாமி நகர்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

இரண்டு பாட்டில்

மாமி டாக்ஸியில் முன்சீட்டில் ஏறினார். வழியெல்லாம் டிரைவருக்குத் தமிழிலேயே வழி சொன்னார். அவனும் அதன்படியே ஓட்டினான். பின்சீட்டில் சித்ரா ஒரு பக்க ஜன்னல், நான் ஒரு பக்க ஜன்னல்.

வீடு வந்ததும் மூன்று பேரும் மேலே ஏறினோம். மாமி பூட்டைத் திறந்தார். பித்தளைப் பூட்டு ஒரே திருகில் வாயைப் பிளந்தது. உள்ளே போய், பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைகளுக்கு நடுவிலிருந்து மஞ்சள் பையை எடுத்து வந்தார். வாங்கிப் பார்த்தேன். இரண்டும் இருந்தன. மூச்சு வந்தது.

"எந்த ஊருன்னு சொன்னேள்? அல்மாட்டிதானே?" என்றார் மாமி.

ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே பையைக் கோட்டுக்குள் செருகினேன்.

"எங்காத்து மாமாவோட ஆபீஸ்ல ஒருத்தர் இருந்தாரே, அவரோட அக்கா பிள்ளை அங்கதான் டாக்டருக்குப் படிக்கறான். நேத்து ராத்திரிதான் தெரிஞ்சது. தங்கமான பையன்." மாமி அடுக்களைக்குள் போய் ஒரு பொட்டலத்தோடு வந்தார். செய்தித்தாள், அதன்மேல் பிளாஸ்டிக், அதன்மேல் கயிறு. "ரெண்டே பாட்டில். மாவடு, தொக்கு. நீங்க ஒண்ணும் சிரமப்பட வேண்டாம். அவனே ஏர்போர்ட்டுக்கு வந்துடுவான். இருக்கற நாள் பூரா உங்களைச் சுத்திக்காட்டச் சொல்லியிருக்கேன்."

தில்லித் தமிழர்களிடையே பொட்டலத்தை மறுப்பது என்ற வழக்கம் கிடையாது. ஊருக்குப் போகிறவன் பத்து வீட்டுக்கு ஸ்வெட்டர் கொண்டுபோவான், வரும்போது பத்து வீட்டுக்கு வடாம் கொண்டுவருவான். யாருடையது, யாருக்கு என்று கேட்பதுகூட மரியாதையில்லை. அதுவும் இப்போது, எங்களுக்காகக் கோயிலிலிருந்து பாதியில் எழுந்து வந்த மாமி. என் இரண்டு கைகளும் என்னைக் கேட்காமலே நீண்டு பொட்டலத்தை வாங்கிக்கொண்டன.

"மாமி," என்றாள் சித்ரா.

படிக்கட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் குரலை இவ்வளவு தெளிவாக நான் கேட்கவில்லை.

"மன்னிச்சுக்கோங்க மாமி. இத நாங்க எடுத்துட்டுப் போகல."

"ரெண்டே பாட்டில்டீ. எடைகூட இருக்காது."

"பாட்டில் இல்ல மாமி. பையன் வேண்டாம்."

மாமிக்குப் புரியவில்லை. "அவன் ரொம்ப நல்லவன்டீ. பாவம், அங்க தனியா இருக்கான்."

"எங்களுக்கும் கொஞ்சம் தனியா இருக்கணும் மாமி."

சொல்லிவிட்டு அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. நான்தான் தாழ்த்தினேன். என் சாக்ஸில் பெருவிரல் இருக்கிற இடத்தில் ஓட்டை. அப்போதுதான் ஷூ கோயிலிலேயே கிடக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் ஷூவைப் பற்றிப் பேசுகிறவன் மனிதனே அல்ல.

மாமி சித்ராவைப் பார்த்தார். பிறகு என்னை, கோட்டிலிருந்து சாக்ஸ்வரை, நிதானமாகப் பார்த்தார்.

"இவரோடயா தனியா இருக்கணும்கறே?"

"ஆமா மாமி. வேற யாரு இருக்கா?"

மாமி என் கையிலிருந்து பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டார். கோபமா என்று தெரியவில்லை. கதவைப் பாதி சாத்திவிட்டுத் திரும்பினார். "எங்காத்து மாமாவோட நானும் ஒருநாள் போகணும்னுதான் பார்க்கறேன். எங்க போனாலும் யாராவது இருந்து தொலையறா. போங்கோ, போங்கோ, நிக்காதேங்கோ!"

நான் வீட்டுக்குள் ஓடி, கைக்குக் கிடைத்த ரப்பர்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தேன். கம்பளிக் கோட்டும் ரப்பர்ச் செருப்புமாக நான் வெளிநாடு கிளம்பியது இப்படித்தான்.

கேட்டுக்கு முன்னால்

கவுன்ட்டரை மூடுகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். எங்களுக்குப் பின்னால் வரிசையில் யாருமில்லை. அந்தப் பெண் என் செருப்பைப் பார்த்தாள், பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், பாஸ்போர்ட்டின்மேல் ஒட்டியிருந்த மஞ்சள் பொடியைச் சுண்டிவிட்டாள். முத்திரை விழுந்தது. சோதனைகள் எல்லாம் முடிந்து, கேட்டுக்கு முன்னால் போட்டிருந்த நாற்காலிகளில் போய் விழுந்தோம்.

திடீரென்று செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. பெட்டிகள் போய்விட்டன. காலால் தொட்டுப் பார்க்கச் சங்கிலி இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நின்றது. பக்கத்தில் சித்ரா.

"ஒண்ணு கேக்கவா?" என்றாள். "நிஜமாப் பயமா இருந்ததா?"

"இப்பவும் இருக்கு."

"விமானம்னா?"

"விமானம் கொஞ்ச நேரம்தானே. அதுக்கப்புறம் இத்தன நாளும் நீயும் நானும் மட்டும். என்ன பேசறதுன்னு..."

அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல், எதிர் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு மட்டும் தெரியுமா என்ன?" என்றாள்.

என் போன் சிணுங்கியது. மாமி அந்தப் பையனின் நம்பரை அனுப்பியிருந்தார். ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஒரு வரி, அதற்குக் கீழே கைகூப்பிய படம். பின்னாலேயே அக்காவின் அழைப்பு வந்தது.

சித்ரா கையை நீட்டினாள். கொடுத்தேன். பக்கவாட்டுப் பொத்தானைத் திரை கறுக்கும்வரை அழுத்திப் பிடித்தாள். பிறகு தன் போனையும் எடுத்து அப்படியே செய்தாள். இரண்டையும் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"இப்ப சொல்லுங்க," என்றாள்.

சொன்னேன். அவளும் சொன்னாள். விமானத்துக்குக் கூப்பிடும்வரை பேசிக்கொண்டே இருந்தோம். எதைப் பற்றி என்று எழுத மாட்டேன். இந்தப் பத்திரிகை பாளையங்கோட்டையிலும் ஜனக்புரியிலும் சிங்கப்பூரிலும் வாங்கப்படுகிறது. அங்கெல்லாம் எங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.